22-ஆம் எண் மாணவன்: ஆவணக் காப்பகத்தில் என்ன இருக்கும், ஏன் எல்லாம் இருக்காது

செப்டம்பர் 30 வந்தால் கனடாவில் எங்கள் தமிழ்ப் பிள்ளைகளும் ஆரஞ்சு நிறச் சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்குக் கிளம்புகிறார்கள். பூர்வகுடிப் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்துக் கொண்டுபோய் வைத்திருந்த உறைவிடப் பள்ளிகளை நினைவுகூரும் நாள் அது. அன்று மாலை ஸ்காபுறோவில் யார் வீட்டிலாவது இந்தப் பேச்சு எழும். நான் ஆவணக் காப்பகத்தில் வேலை பார்ப்பவன் என்று தெரிந்தவர்கள் என் பக்கம் திரும்புவார்கள். "எல்லாம் ஆர்கைவ்ஸில இருக்கும்தானே, எடுத்துப் பாத்தா முடிஞ்சுது" என்பார் ஒருவர். "இருக்கு, ஆனா மறைக்கினம்" என்பார் அடுத்தவர். மூன்றாமவர் குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, "பேப்பரில இல்லாததை என்னெண்டு அண்ணை நம்புறது?" என்று கேட்பார்.

மூவரும் மூன்று விதமாகப் பேசினாலும் அடியில் இருக்கும் நினைப்பு ஒன்றுதான்: நடந்ததையெல்லாம் யாரோ உட்கார்ந்து எழுதி வைத்திருக்கிறார்கள், அந்தப் பெரிய ஏடு காப்பகத்தில் இருக்கிறது. அப்படி ஓர் ஏடு எங்கேயும் கிடையாது. சரி, அப்படியானால் அங்கே என்னதான் இருக்கிறது?

## முதலில், எந்தப் பள்ளிகள்?

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒன்ராறியோவின் பிரான்ட்போர்ட்டில் இருந்த மோஹாக் பள்ளி 1831-இல் விடுதிப் பிள்ளைகளைச் சேர்க்கத் தொடங்கியது. 1883-இல் மத்திய அரசு மேற்கில் பள்ளிகளைத் திறக்க முடிவெடுத்தபின் இது முழு அரசுத் திட்டமானது. 1920-இல் சட்டத்தைத் திருத்தி, பிள்ளைகளை அனுப்பும்படி பெற்றோரைக் கட்டாயப்படுத்தும் அதிகாரத்தை அரசு எடுத்துக்கொண்டது. கடைசிப் பள்ளிகள் மூடப்பட்டது 1990-களின் பிற்பகுதியில். அதாவது இங்கு குடியேறிய தமிழர்கள் பலர் ஏற்கெனவே வந்து இறங்கிய பிறகு. மொத்தம் 150,000-க்கு மேற்பட்ட பிள்ளைகள். பிள்ளையின் மொழியையும் வழக்கத்தையும் உறவையும் அறுத்து வேறு ஆளாக்குவதுதான் நோக்கம். அதை அன்றைய அதிகாரிகள் ஒளிக்கவும் இல்லை.

பணம் கொடுத்தது அரசு. பெரும்பாலும் பள்ளியை நடத்தியது கிறிஸ்தவ சபைகள்: கத்தோலிக்கர், அங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன். கொடுத்தவர் ஒருவர், செலவழித்தவர் இன்னொருவர். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் தாள்களில் பெரும்பாலானவை இந்தக் கொடுக்கல் வாங்கலில் பிறந்தவை.

## அம்மம்மாவின் ட்ரங்குப் பெட்டி

நூலகத்துக்கும் காப்பகத்துக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் நான் அம்மம்மாவின் ட்ரங்குப் பெட்டியைத்தான் சொல்வேன். அதில் காணி உறுதி இருந்தது, கூப்பன் மட்டை இருந்தது, பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள், மாமா கொழும்பிலிருந்து போட்ட கடிதங்கள், யாருக்கோ அடகு வைத்த நகையின் துண்டு. இவற்றில் ஒன்றைக்கூட "எங்கள் குடும்ப வரலாறு" என்று யாரும் எழுதவில்லை. காணி வாங்கினார்கள், உறுதி மிஞ்சியது. அரிசி வாங்கினார்கள், மட்டை மிஞ்சியது.

கூப்பன் மட்டையைப் பார்த்தால் வீட்டில் எத்தனை பேர் என்று தெரியும். யாருக்கு யாரோடு கோபம் என்று தெரியாது. இன்னொன்று: எங்கள் பெரியப்பா ஒருவர் செத்துப்போன பிறகும் அந்த மட்டையில் கொஞ்ச காலம் உயிரோடு இருந்தார். அரிசிக்காக. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். எங்கள் வீட்டில் ஏட்டுப் பெரியப்பா சோற்றுக்கு உதவினார்.

ஆவணக் காப்பகம் என்பதும் இதுதான். ஓர் அலுவலகமோ ஆளோ தன் காரியத்தைப் பார்க்கும்போது உண்டாகும் தாள்களில், மிஞ்சியவற்றைக் காத்து வைக்கும் இடம். புத்தகம் இன்னொருவர் படிப்பதற்காக எழுதப்படுவது. ஆவணம் ஒரு வேலை முடிவதற்காக எழுதப்படுவது. அதனால் எந்த ஆவணத்தைக் கையில் எடுத்தாலும் நாங்கள் முதலில் கேட்பது இதில் என்ன எழுதியிருக்கிறது என்பதை விட, இதை யார், எதற்காக எழுதினார் என்பதைத்தான். இந்தப் பிறப்பு விவரத்துக்குத் தோற்றுவாய் என்று பெயர்.

பெட்டியை ஒருமுறை சித்தி அடுக்கினார். படங்கள் ஒரு பையில், கடிதங்கள் ஒரு பையில், ரசீதுகள் ஒரு பையில். பார்க்க அழகு. ஆனால் ஒரு படம் எந்தக் கடிதத்தோடு வந்தது என்பது அன்றோடு போய்விட்டது. படத்தில் இருக்கும் குழந்தை யார் என்று இன்றைக்கும் யாருக்கும் தெரியாது. வைத்திருந்தவர் வைத்த வரிசையைக் கலைக்காமல் அப்படியே விடுவதை மூல ஒழுங்கு என்கிறோம். எங்கள் தொழிலில் துப்புரவு செய்ய வரும் நல்ல மனம் படைத்தவர்களுக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும்.

ஆக, காப்பகத்தில் இருப்பது காரியம் முடிந்த பிறகு மிஞ்சிய தாள். யாருடைய காரியம் என்பதைப் பொறுத்துத்தான் அதில் யாருடைய குரல் இருக்கும் என்பதும். இனி பள்ளிக்கு வருவோம்.

## தலைக்கு இவ்வளவு

1890-களிலிருந்து அரசு பள்ளிகளுக்குத் தலைக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்தது. எத்தனை பிள்ளைகளோ அத்தனை பங்கு. அப்படியானால் எத்தனை பேர் என்று யாராவது எழுதி அனுப்ப வேண்டும் அல்லவா? அதுதான் காலாண்டு அறிக்கை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தலைமையாசிரியர் பிள்ளைகளின் பட்டியலை ஒட்டாவாவுக்கு அனுப்புவார்: எண், பெயர், வயது, சேர்ந்த நாள், எத்தனை நாள் இருந்தது. பிள்ளையின் பெயர் அந்தத் தாளில் இருப்பதற்குக் காரணம் பிள்ளைமேல் இருந்த அக்கறை என்று சொல்ல முடியாது. பெயருக்குப் பணம் வந்தது. அந்தப் பணத்துக்காகவே நோயுற்ற பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்ட பள்ளிகள் உண்டு.

ஒரு பிள்ளையைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். இந்தப் பள்ளிகளைப் பற்றி எங்கே தேடினாலும் கண்ணில் படும் இரண்டு படங்கள் உண்டு. 1896-ஆம் ஆண்டுக்கான இந்திய விவகாரத் துறையின் அறிக்கையில் வந்தவை. (பூர்வகுடிகளைக் கவனித்த துறைக்கு அப்போது அதுதான் பெயர்; நம் பக்கத்து இந்தியாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.) முதல் படத்தில் பின்னல் சடையோடு, மணி கோத்த உடையில், கையில் துப்பாக்கியோடு ஒரு சிறுவன். இரண்டாவதில் அதே சிறுவன் முடி கத்தரித்து, சீருடையில். அடியில் எழுதியிருப்பது: தோமஸ் மூர், றெஜைனா தொழிற்பள்ளியில் சேர்ந்தபோது, கல்வி பெற்ற பிறகு. "முன்பு, பின்பு" என்று முகப்பூச்சு விளம்பரத்தில் காட்டுவார்களே, அதேதான். முதல் படத்தின் உடையும் துப்பாக்கியும் படத்துக்காகப் பூட்டிய வேஷம் என்பது வரலாற்றாளர்கள் பலரின் கருத்து. எட்டு வயதுப் பிள்ளை கைத்துப்பாக்கியோடு பள்ளிக்கு வந்திருக்க மாட்டான் என்று எனக்கும் தோன்றுகிறது.

அறிக்கை அச்சானது நாடாளுமன்றத்துக்குக் காட்ட. செலவழித்த பணத்துக்குப் பலன் இதோ என்று சொல்ல. ஆனால் அதே பையன் இன்னொரு தாளிலும் இருக்கிறான்: பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு. அதில் அவன் 22-ஆம் எண். சேர்ந்தது 1891 ஆகஸ்ட் 26. வயது 8. உயரம் 3 அடி 11 அங்குலம். எடை ஐம்பத்து நாலரை இறாத்தல். முழுப் பெயர், தோமஸ் மூர் கீசிக். அவனுடைய குடும்பத்தின் பெயரான கீசிக் அறிக்கையில் இல்லை, பதிவேட்டில் இருக்கிறது. தாயின் பெயரும் இருக்கிறது. அவன் அன்று என்ன நினைத்தான், யார் கூட்டி வந்தது, இரவு அழுதானா என்பதற்கு அங்கே பத்தி இல்லை. பத்தி இல்லாததை யாரும் நிரப்ப மாட்டார்கள். காப்பகத்தில் இருக்கும் மௌனம் பெரும்பாலும் இப்படி உண்டானது: கோடு போட்டவர் அந்தக் கட்டத்தைப் போடவில்லை.

## சரியாக எழுதிய ஒரு பள்ளி

இறப்புகளைப் பற்றி இன்னும் கொஞ்சம் நின்று பேச வேண்டும், இங்கேதான் குழப்பம் அதிகம்.

பீட்டர் பிரைஸ் என்ற மருத்துவர் அன்றைய இந்திய விவகாரத் துறையின் தலைமை மருத்துவ அதிகாரி. 1907-இல் மேற்கில் இருந்த பள்ளிகளுக்குக் கேள்வித்தாள் அனுப்பி, அங்கு படித்த பிள்ளைகள் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டார். பதில் தந்தவை 15 பள்ளிகள். அவற்றின் கணக்கில் வந்த 1,537 பிள்ளைகளில் ஏறத்தாழக் கால்வாசிப் பேர் இறந்திருந்தார்கள்; பெரும்பாலும் காசநோய். அதோடு அவர் இன்னொன்றையும் எழுதினார். முழுக்கச் சரியான கணக்குத் தந்த ஒரு பள்ளியில், முன்னாள் மாணவர்களில் 69 விழுக்காட்டினர் உயிரோடு இல்லை.

இந்த வரியை நான் எத்தனை முறை படித்திருப்பேனோ தெரியாது. ஒரு காப்பாளன் கண்ணுக்கு இதில் தெரிவது வேறு. கணக்குச் சுத்தமாக இருந்த இடத்தில் எண் கூடுகிறது. அப்படியென்றால் மற்ற பள்ளிகளின் குறைந்த எண் பிள்ளைகள் பிழைத்ததால் வந்ததா, கணக்கு எழுதாததால் வந்ததா? தாளில் இல்லாததை எப்படி நம்புவது என்று கேட்ட அந்த அண்ணருக்கு நான் சொல்லும் பதில் இந்தக் கேள்விதான்.

பிள்ளை நோயில் விழுந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பதிவேட்டில் "நீங்கியவர்" என்று ஒரு சொல் விழும். அடுத்த மாதம் வீட்டில் இறந்தால் அது பள்ளியின் தாளில் வராது. தலைக்குப் பணம் நின்றதும் எழுதுவதும் நின்றது.

2008 முதல் 2015 வரை வேலை செய்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, நீதியரசர் மரே சின்கிளேர் தலைமையில், இந்தத் தாள்களைத் தேடித் தேடிச் சுமார் 3,200 இறப்புகளைப் பட்டியலிட்டது. அவர்களில் 32 விழுக்காட்டினருக்குப் பெயர் இல்லை. ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இறந்த காரணம் இல்லை. பட்டியல் பின்னர் 4,000-ஐத் தாண்டிவிட்டது. இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: 2021-இல் பிரிட்டிஷ் கொலம்பியாவின் கம்லூப்ஸில், முன்பு உறைவிடப் பள்ளி இருந்த நிலத்தைக் கல்லறை தேடி ராடாரால் ஆராய்ந்த செய்தி உலகம் முழுக்கப் போனது. பலர் அதிலிருந்துதான் இறப்புகளே தெரியவந்தன என்று நினைக்கிறார்கள். அதற்கு ஆறு ஆண்டு முன்னரே ஆயிரக்கணக்கான இறப்புகள் தாளிலிருந்தே எழுதப்பட்டுவிட்டன. ராடார் காட்டுவது மண் எங்கே கலைந்திருக்கிறது என்பதை. எலும்பை அல்ல, பெயரை நிச்சயமாக அல்ல. கல்லறையாக இருக்கக்கூடிய இடத்தை நிலம் சொல்லும், யார் என்பதைத் தாளும் ஊராரும்தான் சொல்ல வேண்டும். அதனால் "எலும்பு எங்கே?" என்று வாட்ஸப்பில் கேட்பவரும், "பெரும் புதைகுழி கண்டுபிடிப்பு" என்று அனுப்புபவரும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள்.

இதுவரை வந்ததைக் கட்டிக்கொள்வோம். பணத்துக்காக எழுதப்பட்ட தாளில் பிள்ளையின் பெயர் இருக்கும், பாடு இருக்காது. இறப்பு சில நேரம் இருக்கும், சில நேரம் நழுவிவிடும். நழுவியதும் ஒரு தகவல்.

## எழுதியதும் எங்கே போனது?

எல்லா அலுவலகமும் தாளை அழிக்கும். அழிக்காவிட்டால் ஆட்கள் உட்கார இடம் இருக்காது. எந்தத் தாளை எத்தனை ஆண்டு வைத்து எப்போது அழிப்பது என்று எழுதி வைப்பதற்குத் தக்கவைப்பு அட்டவணை என்று பெயர். என் வேலையிலும் இது உண்டு, வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் 1933-இல் வந்த விதியைப் பாருங்கள். பள்ளிகளின் அறிக்கைகளை ஐந்து ஆண்டுக்குப் பின் அழிக்கலாம். விபத்து அறிக்கைகளைப் பத்து ஆண்டுக்குப் பின் அழிக்கலாம். துறை 15 தொன் தாளைக் கழித்துவிட்டது. 1936-க்கும் 1944-க்கும் இடையில் 200,000 கோப்புகள் போயின. யாரோ ஒரு கெட்டவன் இரவில் தீ வைத்தான் என்றால் மனதுக்கு எளிதாக இருக்கும். விதிப்படி, கையெழுத்து வைத்து, பகலில் நடந்தது. ஒரு பிள்ளை விழுந்து செத்ததற்கான தாளுக்குப் பத்து வருட ஆயுள் போதும் என்று ஒருவர் நினைத்து எழுதியிருக்கிறார். அவருக்கு அது குமாஸ்தா வேலை. எனக்குப் பயம் தருவது அதுதான்.

மிஞ்சியவையும் ஓரிடத்தில் இல்லை. அரசின் தாள்கள் ஒட்டாவாவில், தேசிய நூலகமும் காப்பகமும் இருக்கும் இடத்தில். சபைகளின் தாள்கள் அந்தந்தச் சபையிடம். பல கத்தோலிக்கப் பள்ளிகளை நடத்திய ஒப்லேற் குருமாருடைய தாள்கள் கனடாவிலும் உரோமாபுரியிலுமாகக் கிடந்தன. நாட்குறிப்புகள் பல பிரெஞ்சில். ஆணைக்குழு அமைத்ததே அரசு. அதற்குத் தாள் கொடுக்கத் தயங்கியதும் அரசு. 2013 ஜனவரியில் ஒன்ராறியோ நீதிமன்றம், காப்பகத்தில் கிடப்பவற்றையும் தேடி எடுத்துக் கொடுப்பது அரசின் கடமை என்று சொல்ல வேண்டி வந்தது. "மறைக்கினம்" என்ற நண்பர் முழுக்கத் தவறில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு காரணம் போதாது.

ஏனென்றால் தாள் கையில் கிடைத்த பிறகும் ஆள் கிடைப்பதில்லை. ஒரே பிள்ளையின் பெயர் ஐந்து விதமாக எழுதப்பட்டிருக்கும்: தாய் வைத்தது, பாதிரியார் வைத்தது, காதில் விழுந்தபடி குமாஸ்தா எழுதியது. நம் பெயர்களை இங்குள்ள வங்கியில் எப்படி எழுதுகிறார்கள் என்று தெரியும்தானே? பிறந்த ஆண்டு உத்தேசம். கையெழுத்து மங்கல். தாளைப் படம் பிடித்துக் கணினியில் போட்டுவிட்டால் தேடினால் வந்துவிடும் என்பார்கள்; படம் என்பது படம்தான். அதில் இருக்கும் பெயரை ஒருவர் படித்துத் தட்டெழுதி வைத்தால்தான் தேடல் பெட்டிக்கு அது தெரியும். எந்தக் கட்டில் என்ன இருக்கிறது என்று எழுதி வைக்கும் வழிகாட்டிப் பட்டியல் தயாரிப்பதில்தான் என் வேலை நாளில் பெரும் பகுதி போகிறது. துருப்பிடித்த குண்டூசியைக் கழற்றுவது, தாளை அமிலமில்லாத உறையில் போடுவது, ஒரு வரி எழுதுவது. அடுத்த தாள்.

## அப்போ எல்லாவற்றையும் திறந்துவிட வேண்டியதுதானே?

இங்கே என் மனமே ஒருமுறை மாறியது.

முன்னாள் மாணவர்களும் அரசும் சபைகளும் செய்துகொண்டு, 2007-இல் நடைமுறைக்கு வந்த உடன்பாட்டின்படி, பள்ளிகளில் வன்கொடுமைக்கு ஆளானவர்கள் தனியாக ஒரு நடுவர் முன் சொல்லி இழப்பீடு கேட்க முடிந்தது. ஏறத்தாழ 38,000 பேர் கேட்டார்கள். மனைவிக்கும் பிள்ளைக்கும் சொல்லாததை அங்கே சொன்னார்கள், இரகசியமாக இருக்கும் என்ற வாக்கை நம்பி. வேலை முடிந்தபின் கேள்வி வந்தது: இந்தத் தாள்களை என்ன செய்வது? அரசு, இவை அரசின் ஆவணம், காப்பகத்துக்கு வர வேண்டும் என்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2017 அக்டோபரில் தீர்ப்பு: 2027 செப்டம்பர் 19 வரை வைத்திருந்து, பிறகு அழிக்க வேண்டும். சொன்னவர் தானே விரும்பினால் மட்டும் அவருடைய தாளைப் பாதுகாக்கலாம். அப்படி விரும்பியவற்றை வின்னிபெக்கில், மனிரோபா பல்கலைக்கழகத்தில் உள்ள தேசிய உண்மை மற்றும் நல்லிணக்க மையம் பெற்று வைக்கும்.

1981-இல் நூலகம் எரிந்த ஊரிலிருந்து வந்தவன் நான். ஒரு துண்டுத் தாளையும் அழிக்க விடக்கூடாது என்பது படித்து வந்த புத்தியில்லை, வளர்ந்த புத்தி. தீர்ப்பைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. இவ்வளவு பெரிய சாட்சியை எப்படி அழிப்பது? நாளை ஒருவன் நடக்கவே இல்லை என்பானே?

பிறகு யோசித்தேன். இந்தப் பிள்ளைகளின் எடை, உயரம், நோய், பெயர் எல்லாவற்றையும் யாரோ கேட்காமல் எழுதினார்கள், கேட்காமல் வைத்தார்கள், கேட்காமல் அழித்தார்கள். வாழ்நாளில் முதல்முறையாக, உன் தாளை என்ன செய்யட்டும் என்று அவர்களிடம் கேட்கிறார்கள். அந்த இடத்தில் புகுந்து, "இல்லை, வரலாற்றுக்கு வேண்டும், கொடு" என்று சொன்னால் நான் யார் பக்கம்? பூர்வகுடி அமைப்புகள் 1998 முதல் தங்கள் தகவலைப் பற்றி நான்கு உரிமைகள் கேட்டு வருகின்றன: உடைமை, கட்டுப்பாடு, பார்க்கும் உரிமை, கைவசம் வைத்திருத்தல். முன்பெல்லாம் அதைக் கூட்டங்களில் தலையாட்டிவிட்டுக் கடந்திருக்கிறேன். பள்ளியின் கணக்குப் புத்தகம் வேறு, அது அலுவலகத்தின் தாள், திறந்துதான் ஆக வேண்டும். ஒருவர் வாய்விட்டு அழுதபடி சொன்னது வேறு. இரண்டையும் ஒரே அலமாரியில் வைத்துப் பேசியதுதான் என் தப்பு.

## இடமிருந்து மூன்றாவது

வாய்ச்சொல் சாட்சியாகுமா என்றால், கனடாவின் சட்டமே ஆகும் என்கிறது. கிட்க்ஸான், வெட்சுவெட்டன் என்ற பூர்வகுடி மக்களின் நில வழக்கில் 1997-இல் உச்ச நீதிமன்றம், வாய்வழி வரலாற்றுக்கும் எழுதிய ஆவணத்துக்குச் சமமான இடம் தர வேண்டும் என்றது. ஆணைக்குழு 6,500-க்கு மேற்பட்டவர்களின் சொல்லைப் பதிவு செய்ததும் அதனால்தான்: கோடு போட்டவர் விட்ட கட்டத்தை நிரப்பக்கூடியவர்கள் அவர்கள்.

இது எப்படி நடக்கிறது என்று பார்க்க விரும்பினால் ஒன்ராறியோவின் சூ சென்ட் மரி நகருக்குப் போகலாம். அங்கே ஷிங்வாக் பள்ளியாக இருந்த கட்டடம் இப்போது அல்கோமா பல்கலைக்கழகம். 1981-இல் அங்கு படித்தவர்கள் ஒன்றுகூடினார்கள். அந்தக் கூட்டத்திலிருந்து வளர்ந்த காப்பகம் இன்றும் அங்கேயே இருக்கிறது. ஒன்றுகூடல்களில் பழைய படங்களை ஆல்பமாக மேசையில் விரித்து வைப்பார்கள். வந்தவர்கள் புரட்டிப் பார்த்து, இது இன்னார் என்று பெயரைச் சொல்வார்கள். தேசியக் காப்பகமும் 2002 முதல் வடகோடியில் வாழும் இனுயிட் என்ற பூர்வகுடி மக்களின் படங்களை அவர்கள் ஊர்களுக்குக் கொண்டுபோய் இதே வேலையைச் செய்கிறது.

அந்தப் படங்களுக்கு முன்பு எங்கள் மாதிரி ஆட்கள் எழுதி வைத்த வரி பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும்: "மாணவிகள் சிலர், தேதி இல்லை". ஒரு மூதாட்டி விரலை வைத்து, இடமிருந்து மூன்றாவது என் அக்கா என்றால், பெயரைக் கேட்டு, எழுத்துக் கூட்டச் சொல்லி, பென்சிலால் குறித்துக்கொள்வோம். காப்பகத்தில் பேனா கூடாது. பிறகு பட்டியலில் அந்தப் பெயர் ஏறும், யார் சொன்னது, எந்த நாள் என்பதோடு. பழைய வரியை அழிப்பதில்லை. "மாணவிகள் சிலர்" என்று யாரோ எழுதியதும் ஓர் ஆவணம்தான். அதற்குக் கீழே அக்காவின் பெயர்.